வாசகர் கேள்விகள்: ஹெலன் கிரஹாமின் பூட்டிய வீடு

சென்ற இதழில் ஆன் பிராண்டே எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' என்ற ஆங்கில நாவலை அறிமுகம் செய்திருந்தேன். 1848ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் மூன்று பாகங்களாக, ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்த நாவல் அது. குடியிலும் கூத்திலும் குடும்பத்தைக் கரைக்கும் ஆர்தர் ஹண்டிங்டன் என்ற கணவனிடமிருந்து, ஐந்து வயதுகூட நிரம்பாத மகனைத் தூக்கிக்கொண்டு தப்பி வருகிறாள் ஹெலன். பாழடைந்த மாளிகை ஒன்றில் 'திருமதி கிரஹாம்' என்ற மாற்றுப் பெயரில் ஓவியம் விற்றுப் பிழைக்கும் அவளுக்கும், பக்கத்துப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் கில்பர்ட் மார்க்கம் என்ற இளைஞனுக்கும் இடையில் மெல்ல முளைக்கும் அன்பே கதை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த நாவலைப் பற்றியவையாக இருந்ததால், பதில்களையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நாவலின் பெரும்பகுதி குடிகாரக் கணவனின் கொடுமைகளைத்தானே சொல்கிறது? இதை எப்படிக் காதல் நாவல் என்கிறீர்கள்? (வாசகி, மதுரை)

கொடுமைகள் எந்த வழியாக நமக்குத் தெரியவருகின்றன என்று பாருங்கள். முதற்பகுதியைச் சொல்பவன் கில்பர்ட். ஊரார் ஹெலனைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். அவனும் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை நம்பி அவள் முகம் பார்க்காமல் போகிறான். விளக்கம் சொல்லி மன்றாட அவள் முன்வரவில்லை. தன் நாட்குறிப்பை எடுத்து, அவனைப் பற்றி எழுதிய கடைசிப் பக்கங்களை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, மீதியை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். நாவலின் நடுவே நாம் படிக்கும் நீண்ட பகுதி அந்த நாட்குறிப்புதான். ஒரு பெண் தன் அவமானங்களை எல்லாம், இவன் இதைத் தாங்குவான், இதை வைத்து என்னை இகழமாட்டான் என்ற நம்பிக்கையில் ஓர் ஆணிடம் ஒப்படைப்பதைக் காட்டிலும் பெரிய காதல் காட்சியை நான் படித்ததில்லை. கணவனின் கதை காதல் கதைக்குள் வந்து புகுந்த வேறொரு கதை அன்று. அதைச் சொல்ல முடிந்ததே அவளுடைய காதலின் முதல் செயல்.

நேரடியான காதல் காட்சியும் இருக்கிறது. எல்லாத் துயரமும் ஓய்ந்தபின், பனி படர்ந்த தோட்டத்திலிருந்து, குளிர்காலத்தில் பூக்கும் ரோஜா ஒன்றைச் சன்னல் வழியாகக் கை நீட்டிப் பறித்து, கில்பர்ட்டிடம் கொடுக்கிறாள் ஹெலன். அவள் இப்போது பெரிய சொத்துக்கு உரிமையாளர், தானோ சாதாரண விவசாயி என்ற தயக்கத்தில் அவன் விழித்துக்கொண்டு நிற்கிறான். அவள் பூவைத் திரும்ப வாங்கி வெளியே பனியில் எறிந்துவிட்டுச் சன்னலைச் சாத்துகிறாள். அதன் பொருள் உறைத்த பிறகு அவன் ஓடிச்சென்று அந்தப் பூவை எடுத்து வருகிறான். தன் இதயத்தைக் கொடுக்க முன்வந்தவள் அவள், புரிந்துகொள்ளத் தாமதித்தவன் அவன். முன்பொரு காலத்தில் கையில் ஒரு சாவிகூட இல்லாதிருந்த பெண் இப்போது தானே சன்னலைத் திறக்கிறாள், தானே சாத்துகிறாள். இந்த இடத்தில் என் கண் கலங்கும். எத்தனை முறை படித்தாலும் கலங்கும்.

காயம்பட்ட மனம் தேறுவதை ஆன் பிராண்டே எப்படிக் காட்டுகிறார்? 'மனம் தேறினாள்' என்ற வாக்கியம் நாவலில் எங்குமே வராதது போல் தோன்றுகிறது. (ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்)

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தேறுதலை அவர் சொல்லவில்லை, ஹெலனின் நடத்தையில் வைத்துவிடுகிறார். கில்பர்ட்டுக்கும் அவளுக்கும் நேரும் முதற் சந்திப்பை நினைத்துப் பாருங்கள். கில்பர்ட்டின் நாயைப் பார்க்கும் ஆசையில் சிறுவன் மதில்மேல் ஏறிக் கீழே விழப்போகிறான். கில்பர்ட் அவனைத் தாங்கிப் பிடிக்கிறான். ஓடிவரும் தாய் நன்றி சொல்வதற்கு மாறாக, ஏதோ கொள்ளைக்காரனிடமிருந்து மீட்பவளைப் போலப் பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். கில்பர்ட்டுக்கு அது திமிராகப் படுகிறது, முதல் வாசிப்பில் நமக்கும் அப்படித்தான் படுகிறது. ஊர்ப் பெண்கள் அவளை அகங்காரி என்கிறார்கள். பையனை ஒரு கணமும் தனியே விடமாட்டாள், அவன் மதுவைத் தொட்டாலே அருவருக்கும்படி வளர்க்கிறாள், இப்படி வளர்த்தால் பிள்ளை கோழையாகிவிடும் என்று கில்பர்ட்டின் தாயாரே உபதேசம் செய்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தகப்பனும் அவன் நண்பர்களும் மதுவை ஊற்றிக்கொடுத்துக் கெட்ட வார்த்தை பேசக் கற்றுக்கொடுத்து, சிரித்து மகிழ்ந்தார்கள் என்பது நாட்குறிப்பைப் படிக்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அப்போது பழைய காட்சிகள் எல்லாம் நம் மனத்தில் மறுபடியும் ஓடுகின்றன, ஊராரோடு சேர்ந்து நாமும் அவளைத் தவறாக எடைபோட்டோமே என்று கூசுகிறோம். பயத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கர்வமாகத் தெரியும் என்பதை இதைவிடத் துல்லியமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், கொடுமைக்கு ஆளானவர்கள் மீள்வதைப் பற்றி 1992இல் எழுதிய நூலில், முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கிப்பது, அதற்கும் பிறகே பிறரோடு மீண்டும் இணைவது என்று வகுத்துச் சொன்னார். ஆன் பிராண்டேக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. ஆனாலும் ஹெலனுக்கு அவர் முதலில் கொடுத்தது காதலன் அன்று, பூட்டுப் போடக்கூடிய ஒரு வீடு. கூடவே பழைய பணிப்பெண் ரேச்சல், தூரிகை, வண்ணங்கள், ஓவியம் விற்றுக் கிடைக்கும் சொந்தக் காசு. கணவன் ஒரு காலத்தில் அவளுடைய நாட்குறிப்பைப் பிடுங்கிப் படித்து, அவள் தப்பிக்கத் திட்டமிடுவதை அறிந்து, சாவிகளைப் பறித்துக்கொண்டு, ஓவியச் சாமான்களை நெருப்பில் போட்டவன். அப்படி எரிந்த தூரிகைக்கு மாற்றாக இன்னொரு தூரிகை அவள் கைக்கு வந்த பிறகே கில்பர்ட் கதைக்குள் வருகிறான். இந்த வரிசையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நம் தொடர்கதைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது: கதாநாயகன் முதலில் வருகிறான், அவன் தோளில் சாய்ந்ததும் அவள் காயம் ஆறிவிடுகிறது.

நீங்கள் தொடர்கதைகளைக் குறை சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதைகளே ஆறுதல். அன்பான ஓர் ஆண் வந்து காப்பாற்றுவதாக எழுதுவதில் என்ன தவறு? (இல்லத்தரசி, சேலம்)

தவறில்லை, அம்மா. பகல் முழுதும் உழைத்து ஓய்ந்தபின் படிக்கும் நாலு பக்கத்தில் நல்ல மனிதன் ஒருவன் வரவேண்டும் என்று விரும்புவதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவள்தான். 'ஆன்டி ஹீரோ' கதைகள் என்று ஒரு வகை இப்போது பெருகியிருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவள் வேண்டாம் என்கிறாள். அவன் மிரட்டித் தாலி கட்டுகிறான். நூறு அத்தியாயம் கழித்து அவன் அழுததும் அவள் மன்னிக்கிறாள். அடித்த கையையே அணைக்கும் கையாகக் காட்டும் கதை, அடிபடும் பெண்ணிடம் 'இன்னும் கொஞ்சம் பொறு, இவனும் மாறுவான்' என்று சொல்கிறது. ஹெலன் மணம் செய்துகொண்டதே அந்த நம்பிக்கையில்தான். அத்தை எவ்வளவோ எச்சரித்தும், என் அன்பால் இவனைத் திருத்திவிடுவேன் என்று பதினெட்டு வயதில் சொன்னவள் அவள். நாவலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் ஆன் பிராண்டே, சிந்திக்காத ஒரே ஒரு பெண்ணாவது தன் கதாநாயகி செய்த பிழையைச் செய்யாமல் தடுத்திருந்தால் இந்த நூல் வீண் போகவில்லை என்னும் பொருள்பட எழுதினார்.

காப்பாற்ற வரும் ஆணையும் அவர் காட்டியிருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவன் பெயர் வால்டர் ஹார்கிரேவ், கணவனின் நண்பன். கணவன் கொடுமை செய்யும்போதெல்லாம் பரிதாபப்படுகிறான், மென்மையாகப் பேசுகிறான், உன்னை நான் பாதுகாக்கிறேன் என்கிறான். அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நெருங்கி வருகிறான். கடைசியில் ஓவியம் வரையும் கத்தியைக் கையில் எடுத்து அவள் அவனை விலக்க வேண்டியதாகிறது. இனிய சொல் பேசும் ஹார்கிரேவுக்கும் முரட்டுச் சுபாவமுள்ள கில்பர்ட்டுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். போய்விடு, எழுதாதே, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ஹெலன் சொன்னபோது, கில்பர்ட் மனம் உடைந்து நின்றாலும் சொன்னபடி செய்தான்.

கில்பர்ட்டை நல்லவன் என்கிறீர்கள். அவன் சவுக்குப் பிடியால் லாரன்ஸின் தலையில் ஓங்கி அடித்து வழியில் விட்டுவிட்டுப் போகிறானே? (ஆசிரியர், திருநெல்வேலி)

ஐயா, இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. லாரன்ஸ் ஹெலனின் காதலன் என்று தவறாக நினைத்து அவன் அடிக்கிறான். உண்மையில் லாரன்ஸ் அவளுடைய உடன்பிறந்தவன், அவளுக்கு அடைக்கலம் கொடுத்தவனும் அவனே. நாட்குறிப்பைப் படித்து உண்மை தெரிந்ததும் கில்பர்ட் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறான், இருவரும் நண்பர்களாகிறார்கள். குறையுள்ள ஒரு மனிதன் தன் தவறை ஒப்புக்கொண்டு திருந்தக்கூடியவன் என்று காட்டுவதற்காக, கடைசிவரை மனம் திருந்தாத ஹண்டிங்டனுக்கு எதிராக, ஆசிரியர் இப்படி வைத்திருக்கலாம். ஆனாலும் பொறாமையில் கை ஓங்கும் ஆணின் வீட்டுக்கு, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பெண்ணை அனுப்பிவைப்பது எனக்கு ஒவ்வவில்லை. நாவலின் பெரிய குறை இது என்றே நினைக்கிறேன்.

தப்பி வந்தவள், கணவன் நோயில் விழுந்ததும் திரும்பிப் போய்ப் பணிவிடை செய்கிறாளே! நம் ஊர் நளாயினி கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'கல்லானாலும் கணவன்' என்பதைத்தானே இங்கிலாந்துக்காரியும் சொல்கிறாள்? (வாசகி, யாழ்ப்பாணம்)

முதல் வாசிப்பில் நானும் இப்படித்தான் கோபப்பட்டேன். தொழுநோயாளியான கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்த நளாயினியை எனக்குச் சிறுவயதில் உதாரணமாகச் சொன்னவர்கள் உண்டு. குதிரையிலிருந்து விழுந்து படுத்த ஹண்டிங்டனிடம் ஹெலன் திரும்பியதைக் கண்டபோது, இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி படித்தபோதுதான் அந்தக் காட்சியின் நடுப்பகுதி கண்ணில் பட்டது. மகனைப் பார்க்க வேண்டும் என்று ஹண்டிங்டன் கேட்கிறான். பிள்ளை முழுக்க என் பொறுப்பில் இருக்கும், நான் விரும்பும்போது அவனை அழைத்துக்கொண்டு போவேன், நீ தடுக்கக்கூடாது; இதை எழுத்தில் கொடு, சாட்சி முன்னிலையில் கையெழுத்துப் போடு என்கிறாள் ஹெலன். வாக்குக் கொடுக்கிறேன் என்று அவன் சொல்வதை ஏற்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவனிடம் தாளை நீட்டுகிறாள், அவன் கையெழுத்திட்ட பிறகே மகன் உள்ளே வருகிறான். நளாயினியிடம் தாளும் இல்லை, சாட்சியும் இல்லை. ஹெலன் திரும்பிப் போனது மனைவியாக அன்று, ஒரு செவிலிப் பெண்ணைப் போல. தன் மனசாட்சிக்கும் தன் மதநம்பிக்கைக்கும் பதில் சொல்லும் கடமைக்காக. அந்த மதநம்பிக்கையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இன்று ஒரு பெண் இந்த நிலையில் திரும்பிப் போகாமல் இருந்தால், அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் ஏன் மணவிலக்குப் பெறவில்லை? ஏன் பெயரை மறைத்து ஒளிந்து வாழ வேண்டும்? (சட்டக் கல்லூரி மாணவர், சென்னை)

கதை நடப்பது 1827ஐ ஒட்டிய ஆண்டுகளில். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பே கிடையாது. அவள் சம்பாதிக்கும் காசு கணவனுடையது, பிள்ளை கணவனுடையது. அதனால்தான் ஓவியத்தில் இருக்கும் மாளிகைக்கு வேறு பெயரும் வேறு ஊரும் எழுதி லண்டனுக்கு அனுப்புகிறாள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தை அணுகலாம் என்ற சட்டம் 1839இல்தான் வந்தது. அதற்குமுன், பின்னும்கூட, மணவிலக்கு வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். 1857இல் அதற்கென நீதிமன்றம் அமைந்தபோதும், மனைவி மணஒழுக்கம் பிறழ்ந்தால் அது ஒன்றே கணவனுக்குப் போதும். கணவன் பிறழ்ந்தால் அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து மனைவி நிரூபிக்க வேண்டும். சொந்தச் சம்பாத்தியம் 1870இல்தான் அவள் கைக்கு வந்தது.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. அந்த 1857 சட்டத்தை அடியொற்றி இங்கே 1869இல் கொண்டுவரப்பட்ட இந்திய மணமுறிவுச் சட்டத்தில் அதே இரட்டை அளவுகோல் இருந்தது. இந்தியக் கிறிஸ்தவப் பெண்களுக்கு அது நீங்கியது 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். ஹெலன் வாழ்ந்த சிறையின் ஒரு சுவர் நம் ஊரில் இருபத்தோராம் நூற்றாண்டு வரை நின்றது என்று பொருள். 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், உடலைத் துன்புறுத்துவதோடு, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதார வகையில் ஒடுக்குவது ஆகியவற்றையும் வன்முறை என்று வரையறுத்தது. கணவனோடு வாழ்ந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமையையும் கொடுத்தது. ஓவியச் சாமான்களை எரித்ததும் சாவியைப் பறித்ததும் இன்று வழக்காகும். ஆயினும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய அளவில் அது 29 விழுக்காடு. தமிழ்நாட்டின் எண்ணைப் பார்த்த அன்று எனக்கு எழுத ஓடவில்லை.

இவ்வளவு நல்ல நாவல் ஏன் அக்காக்களின் நாவல்கள் அளவுக்குப் பேசப்படவில்லை? (வாசகர், புதுச்சேரி)

அக்காள் சார்லட்டே ஒரு காரணம். ஆன் 1849 மே மாதம், 29ஆவது வயதில் காசநோயால் இறந்தார். இந்தக் கதைப்பொருளைத் தேர்ந்ததே முழுத் தவறு என்று கருதிய சார்லட், 1850இல் மறுபதிப்புக்கு இசையவில்லை. குடியில் அழிந்த அவர்களுடைய சகோதரன் பிரான்வெல் 1848 செப்டம்பரில் இறந்திருந்தான்; டிசம்பரில் இன்னோர் அக்காளான எமிலியும் போய்விட்டார். அந்த வீட்டின் வேதனையை மறுபடி அச்சில் பார்க்க மனம் வரவில்லை போலும். அவரை என்னால் வெறுக்க முடியவில்லை, ஆனால் இழப்பு பெரிது. பின்னால் வந்த மலிவுப் பதிப்பு ஒன்று நாவலைச் சிதைத்து வெட்டி வெளியிட, அந்த வெட்டுப்பட்ட வடிவமே நெடுங்காலம் புழங்கியது. வாங்கும்போது முழுமையான பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்; கில்பர்ட் தன் மைத்துனனுக்கு எழுதும் கடிதத்தோடு நூல் தொடங்க வேண்டும்.

எனக்கு வயது 34. நான்கு ஆண்டுகளுக்கு முன் மணவிலக்குப் பெற்றேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் என்னை மணந்துகொள்ள விரும்புகிறார். நல்லவராகவே தெரிகிறார். ஆனால் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலே எனக்கு இன்னும் உடல் நடுங்குகிறது. முன்பு ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்த என் கண்ணை நான் எப்படி நம்புவது? இந்த நாவலை நான் படிக்கலாமா? (பெயர் வேண்டாம்)

சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கதவுச் சத்தத்துக்கு நடுங்குவது உங்கள் குறை அன்று. ஆபத்தான ஒரு வீட்டில் உங்களை உயிரோடு வைத்திருக்க உடல் கற்றுக்கொண்ட பாடம் அது. வீடு மாறிய செய்தி உடலுக்குப் போய்ச் சேர நாளாகும். அது உங்கள் அன்றாடத்தைத் தடுக்கிறது என்றால் மனநல மருத்துவர் ஒருவரைத் தயங்காமல் பாருங்கள். பழைய கணவரால் இன்னும் தொல்லை இருந்தால், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

நாவலைப் படியுங்கள், ஆனால் நாட்குறிப்புப் பகுதியை இரவில் தனியாகப் படிக்க வேண்டாம். நெஞ்சு அடைத்தால் மூடி வையுங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கண்ணை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெலனும் அதே அச்சத்தில்தான் இருந்தாள். ஒரு நாள் பேச்சுவாக்கில் அவள் விரும்புவதாகச் சொன்ன கவிதை நூல் ஒன்றைக் கில்பர்ட் வாங்கி வந்து கொடுக்கிறான். விலை என்ன என்று கேட்டுப் பணப்பையை எடுக்கிறாள் அவள். திருப்பித் தர முடியாத கடனுக்கு ஆளாக விரும்பவில்லை என்கிறாள். அவனுக்கு முகம் சுண்டிப்போகிறது. ஆனாலும், இதை வைத்து உங்களிடம் எந்த உரிமையும் கொண்டாட மாட்டேன், இதனால் எனக்கு எந்த நம்பிக்கையும் வளராது என்று சொல்லி, அவள் ஏற்றுக்கொண்ட பிறகு, விடைபெறுகிறான். உங்கள் நண்பரிடமும் இப்படிச் சிறிய காரியம் ஒன்றுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், இன்று நான் பேருந்திலேயே போகிறேன் என்று சொல்லுங்கள். முகம் சற்று வாடுவது மனித இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டாம்; அடுத்த நாள் அவர் எப்படிப் பேசுகிறார், அதைச் சொல்லிக்காட்டுகிறாரா, உங்களைக் குற்றவாளியாக உணரவைக்கிறாரா என்று பொறுமையாகக் கவனியுங்கள். பதில் சொல்ல ஆறு மாதம் வேண்டுமானால் ஆறு மாதம், ஓர் ஆண்டு வேண்டுமானால் ஓர் ஆண்டு கேளுங்கள். மணந்துகொள்வதா வேண்டாமா என்பதை அதன்பின் நீங்கள் முடிவுசெய்யலாம். எதுவாக இருந்தாலும், மனம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.